தாழியும் பந்தமும்

நாட்டுப்புறத்தில் ஒரு கதை வழங்குகிறது. அந்தக் காலத்தில் கிழவன் கிழவியருக்குச் சாவே வருவதில்லையாம். வயது ஏற ஏற உடல் சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு வந்துவிடுவார்களாம். விளக்கு மாடத்திலே தூக்கி வைத்துப் பால் ஊட்டுவார்களாம். ஊட்டுகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டிவிட்டால், பெரியதொரு பானைக்குள் உயிரோடு இறக்கி, கொஞ்சம் சோறும் தண்ணீரும் துணைக்கு வைத்து, மண்ணுக்குள் புதைத்துவிடுவார்களாம். உழவின்போதும் கிணறு வெட்டும்போதும் அகப்படுகின்ற பெரும் பானைகளைக் காட்டி, "இதோ பார், முதுமக்கள் தாழி!" என்று கதைக்குச் சான்றும் தருவர்.

கேட்கச் சுவையான கதைதான். ஆனால், நம் முன்னோர் மீது சுமத்தப்பட்ட பெரும் பழி அது. முதியோரை உயிரோடு புதைத்த கூட்டமா தமிழர் கூட்டம்? மண்ணையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்.

பொருநை ஆற்றங்கரையில் ஆதிச்சநல்லூர். 1876ஆம் ஆண்டு பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்ற அறிஞர் அந்தப் பறம்பைத் தோண்டினார். 1899இல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ என்பவர் சில ஆண்டுகள் தோண்டினார். நூறாண்டு கழித்து, 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் மண்வெட்டியை எடுத்தது. வைகைக் கரையில் கீழடிக்குப் பக்கத்திலே உள்ள கொந்தகையில், 2020இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தோண்டியது. தாழிகள் வெளிப்பட்டன. உள்ளே கிழவர் எலும்பு மட்டுமா இருந்தது? இல்லை. கொந்தகை ஈமக்காட்டிலே குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. பல தாழிகளில் முழு உடல்கூட இல்லை. வேறிடத்தில் கிடத்தி, தசை நீங்கிய பின்னர் எலும்புகளை எடுத்து வந்து இட்டிருக்கிறார்கள். உயிரோடு இறக்கியதாகச் சொல்லும் கதை அந்த இடத்திலேயே உடைந்துபோகிறது. இரும்பு வாள், வேல், வெண்கலக் கலம், நெல் உமி, தினை உமி, மெல்லிய பொன் தகட்டால் ஆன நெற்றிப் பட்டம்! ஆதிச்சநல்லூர் தாழிகளோடு ரீ கண்டெடுத்தவை இவை. வேண்டாம் என்று தள்ளிய கிழவனுக்கு எவனாவது பொன்னால் பட்டம் கட்டுவானா?

தாழி தள்ளிவைத்ததன் சின்னமன்று. பிரிய மனமில்லாதவர்களின் சின்னம். புறநானூற்றில் கிள்ளிவளவன் என்ற சோழன் மறைந்தபோது ஐயூர் முடவனார் பாடிய பாட்டு, தாழி செய்கிற குயவனை நோக்கிப் பேசுகிறது. இவ்வளவு பெரியவனுக்கு எவ்வளவு பெரிய தாழியை நீ வனைவாய் என்பது புலவரின் திகைப்பு. மற்றொரு பாட்டில், வழியிலே துணைவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். இறந்தவனுக்கு மோட்ச வாசல் திறக்குமா என்று அவள் கேட்கவில்லை. "நான் எங்கே போவேன்?" என்பதே அவள் கேள்வி. இழப்பு என்பது இறந்தவரைப் பற்றியதன்று, இருப்பவரைப் பற்றியது என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த இலக்கியம் நம்முடையது.

இறந்துபட்டவரை எண்ணிச் செயலற்று நிற்கும் நிலையைக் கையறுநிலை என்று பெயரிட்டு, அதற்கொரு துறையே வகுத்தனர் நம் புலவர். அத்துறையில் அமைந்த பாட்டுகளைப் படிப்போர் ஒன்றைக் காணலாம். அவை இறந்தவரைத் தேவராக்குவதில்லை, மனிதராகவே நிறுத்துகின்றன. அதியமானை இழந்த ஒளவையார், அவனோடு பகிர்ந்துண்ட கள்ளையும் சோற்றையும் நினைத்துப் புலம்புகிறார். அவனுக்கு நட்ட கல்லின்மேல் மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்திலே கள்ளைச் சொரிகிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இதையா ஏற்றுக்கொள்ளப் போகிறான் என்று அவர் கேட்கிறார். படையலைப் பார்த்துக் கேட்கப்பட்ட பழைய கேள்விகளில் ஒன்று அது. அதைக்கொண்டு ஒளவையார் நம் பகுத்தறிவு மன்றத்தின் உறுப்பினர் என்று நான் சாதிக்கப் போவதில்லை. அக்காலத்திலும் கல்லுக்குப் படையல் இருந்தது. வேள் எவ்வி இறந்தபோது அவன் மனைவி சிற்றிடம் மெழுகிப் பிண்டச் சோறு வைத்ததைப் புறநானூறே சொல்கிறது. கைம்பெண்ணின் நோன்பு எத்தனைக் கொடியது என்பதைப் பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு தன் வாயாலேயே சொல்லிவிட்டு நெருப்பில் இறங்கினாள். அந்தக் கொடுமைகளைப் பொற்காலப் போர்வை போட்டு மூடுவது நமக்கு அழகல்ல. நல்லதை எடுத்துக்கொள்ளுவோம், அல்லதைச் சுட்டிக் காட்டுவோம்.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் நடுகற்கள் கிடைத்தன. தமிழ் எழுத்தின் மிகப் பழைய வடிவிலே பெயர் வெட்டிய கற்கள். கூடலூரிலே நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரும் ஊரும் ஒரு கல்லில் இருக்கின்றன. அவன் அரசனல்லன். கோட்டையும் கொடியும் இல்லாதவன். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் உள்ள நடுகல்லோ ஒரு நாயையும் நினைவுகூர்கிறது. தலைவன் வீழ்ந்த பிறகும் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய்! அதன் உருவையும் செதுக்கிப் பெயரையும் வெட்டினார்கள். நாயின் நன்றியை மறக்காத மண்ணிலே, பாட்டனின் பெயர் மூன்று தலைமுறைக்குள் மறந்துபோவதேன்?

பெயர் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பேரன் என்கிறோமே, அச்சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. உறவுக்கு வைத்த பெயரிலேயே நினைவுச் சின்னத்தை ஒளித்து வைத்திருக்கிறது தமிழ். கல் வெட்டப் பொருள் இல்லாதவனும், தாழி வாங்க வழி இல்லாதவனும், பிள்ளையின் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் தன் தந்தையைக் கூப்பிட்டுக்கொண்டான். சூத்திரமும் மந்திரமும் வேண்டாத ஏற்பாடு!

பொருள் உள்ளவர்கள் கல்லையே கட்டடமாக்கினார்கள். முதலாம் இராசராசன் 985இல் அரியணை ஏறியவன். தஞ்சைப் பெரிய கோயிலை அறியாதவர் இல்லை. வேலூர்ப் பக்கத்து மேல்பாடியில் அவனே கட்டிய சிறு கற்றளியை எத்தனை பேர் அறிவோம்? ஆற்றூரிலே இறந்த தன் பாட்டன் அரிஞ்சய சோழனுக்காக அவன் எடுத்த பள்ளிப்படை அது. பேரரசன் ஒருவன், மிகக் குறைந்த காலமே ஆண்டு, வரலாற்றில் பெரிய வெற்றி ஏதும் பதிக்காமல் மறைந்த தன் பாட்டனை மறக்கவில்லை. போற்றுவோம். கூடவே, அந்த வீட்டின் மற்றொரு மரணத்தையும் மறவாதிருப்போம். இராசராசனைப் பெற்ற வானவன் மாதேவி, கணவன் சுந்தரசோழன் இறந்தபோது, பால் மாறாக் குழந்தையை விட்டுவிட்டுத் தீப்பாய்ந்தாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்ந்து பேசுகிறது. ஆணுக்குக் கற்றளி; பெண்ணுக்குக் கனல்! ஒரே குடும்பத்தின் இரண்டு நினைவுகள் இவை.

தமிழர் வாழ்விலே சாவுச் சடங்கு ஒரே வழியாக என்றும் இருந்ததில்லை. பூம்புகாரின் சக்கரவாளக் கோட்டத்தை வருணிக்கும் மணிமேகலை, எரிப்போரும் உண்டு, இட்டுவிட்டுப் போவோரும் உண்டு, குழி தோண்டிப் புதைப்போரும் உண்டு, தாழ்ந்த இடத்திலே வைத்து அடைப்போரும் உண்டு, தாழியால் கவிப்போரும் உண்டு என ஐவகையை அடுக்குகிறது. ஐந்தும் ஒரே ஊரில்! "எங்கள் குலத்தின் ஆதி வழக்கம்" என்று இன்று அதட்டுகிறவர்கள் அந்த ஐந்தில் எந்த ஆதியைக் குறிக்கிறார்கள்?

அதே கோட்டத்தில்தான் கோதமை என்ற பார்ப்பனத் தாயின் கதையும் நடக்கிறது. மகன் சார்ங்கலன் சுடுகாட்டைக் கண்ட அச்சத்தால் இறந்துபோகிறான். அவள் சம்பாபதித் தெய்வத்தை அழைத்து, என் உயிரை எடுத்துக்கொண்டு என் மகனைத் தா என்று மன்றாடுகிறாள். தெய்வம் என்ன சொல்லிற்று? போன உயிரை மீட்க ஆகாது என்றது. அவள் நம்பவில்லை. அண்டத்திலுள்ள தேவர் அத்தனை பேரையும் கூட்டிவந்து காட்டியது. அத்தனை பேரும் கையை விரித்தார்கள். நம் மேடைகளில் தோழர்கள் எத்தனையோ சான்றுகளை எடுத்து வீசுகிறார்கள்; தெய்வமே தன் இயலாமையை ஒப்புக்கொண்ட இந்தச் சான்றை எடுத்து வைப்போர் குறைவு.

தேவர்கள் கையை விரித்த இடத்தில் கையை நீட்டிக்கொண்டு வந்தது புரோகிதம்.

கருட புராணம் என்ன கூறுகிறது? இறந்தவனின் ஆவி பத்து நாட்கள் படைக்கும் பிண்டத்தாலே உடல் பெறுகிறதாம். பிறகு ஓராண்டு நடந்து யமபுரம் சேருகிறதாம். வழியிலே வைதரணி என்றோர் ஆறு. குருதியும் சீழும் ஓடுகின்ற ஆறு. அதைக் கடக்கப் பசுவைத் தானம் கொடுத்திருக்கவேண்டுமாம். இதை யாரிடம் சொல்கிறார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்கவேண்டும். கொழுத்த வணிகனிடமா? இல்லை, நேற்றுவரை கிழவரின் காலைப் பிடித்துவிட்ட கிழவியிடம்! அவர் தாகத்தோடு நடக்கிறார், நெருப்பு மணலில் நடக்கிறார், நீ தண்ணீர் கொடுத்தால்தான் அவருக்குத் தண்ணீர் என்று சொல்லுகிறார்கள். ஐம்பது ஆண்டுகள் அவருக்குச் சோறு போட்ட கை அது. மறுக்குமா? காதணியைக் கழற்றிக் கொடுக்கும். வட்டிக்கு வாங்கியும் கொடுக்கும். மூட நம்பிக்கை என்று நாம் அவளைச் சிரிப்பது எளிது. அவளிடமிருப்பது அன்பு. அந்த அன்பை அச்சமாக மாற்றிக் காசாக்கியவர்களைப் பார்த்துத்தான் நாம் சினம் கொள்ளவேண்டும்.

இங்கே அளிக்கிற சோறு அங்கே போய்ச் சேருமா என்ற ஐயம் ஈரோட்டிலே பிறந்த ஐயமுமன்று. வால்மீகி இராமாயணத்தின் அயோத்தியா காண்டத்திலேயே சாபாலி என்ற முனிவர், தந்தையை இழந்து காட்டிலிருக்கும் இராமனிடம் இதைக் கேட்கிறார். ஒருவன் உண்பது மற்றொருவன் வயிற்றுக்குப் போகுமானால், வெளியூர் போகிறவனுக்குக் கட்டுச்சோறு எதற்கு? வீட்டிலிருந்தபடியே அவன் பெயரால் ஒரு சிரார்த்தம் செய்துவிடலாமே! இராமன் சினக்க, முனிவர் பின்வாங்கிவிட்டார் என்று கதை முடிகிறது. பதில் மட்டும் இன்றுவரை வரவில்லை.

இந்தத் திதி முறையில் பேத்திக்கு இடமுண்டா என்று பாருங்கள். மகனால் உலகங்களை வெல்கிறான், மகனின் மகனால் அழியாமை பெறுகிறான் என்பது மனுவின் கணக்கு. பிண்டம் ஏறுவது தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்ற ஆண் ஏணியில். கடைசி மூன்றாண்டு பாட்டிக்குப் படுக்கையிலே பணிவிடை செய்தவள் பேத்தியாக இருக்கலாம். மருந்து வேளை தெரிந்தவளும் அவளே. ஆனால், நெய்ப்பந்தம் பிடிக்க அழைப்பது எங்கோ வெளியூரிலிருந்து வந்திறங்கிய பேரனை! 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 1989இல் கலைஞர் அரசு மகளுக்குச் சம பங்கு தரும் சட்டத்தை நிறைவேற்றியது. நிலத்திலே பங்கு வந்துவிட்டது. நினைவிலே பங்கு இன்னும் வரவில்லை. பாரி மாண்டபோது அவனுக்காகப் பாடியவர்கள் அவன் மகளிர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பாடமாக நடத்துகிறேன். அந்தப் பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பெண், வீட்டிலே தன் பாட்டனின் பாடையருகில் வந்தால், "நீ உள்ளே போ" என்கிறார்கள்.

வயது முதிர்ந்தவரின் சாவுக்கு நாம் கல்யாணச் சாவு என்று பெயர் வைத்திருக்கிறோம். பேரன் பேத்தி எடுத்தவர், நிறைவாக வாழ்ந்தவர், ஆகவே பூப்பல்லக்கு, வாணவேடிக்கை, ஆட்டம். இதிலே ஒரு தெளிவும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பழுத்த இலை உதிர்வது இயற்கை என்பதை ஊர் மக்கள் ஏட்டுப் படிப்பில்லாமலே அறிந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கொட்டு முழக்கத்தில் ஒரு குரல் கேட்காமல் போய்விடுகிறது. சிறுவயதில் தாத்தாவின் தோளிலே உலகைக் கண்டவன், பாட்டியின் கதையிலே சொற்களைக் கற்றவள், இவர்களிடம் "எண்பது வயதாயிற்றே, இதற்கு அழலாமா?" என்கிறார்கள். வயது ஏற ஏற அன்பு குறையும் என்று எந்த வாய்பாட்டில் இருக்கிறது? என் வகுப்பில் ஒரு மாணவி. பெற்றோர் வேலைதேடி வெளியூர் போக, பாட்டியிடம் வளர்ந்தவள். பாட்டி போன மூன்றாம் நாள் பள்ளிக்கு வந்தாள். யாரும் அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஏனென்றால் அது கல்யாணச் சாவு! இரண்டு வாரம் அவள் வாய் திறக்கவில்லை. கட்டுரை வகுப்பில், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் செய்யத் தெரிந்த வேலையைப் பற்றி எழுதுங்கள் என்றேன். கூழ்வற்றல் போடுவதைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தாள். எந்த மாதத்து வெயில், எத்தனை படி அரிசி, காக்கையை விரட்டப் பாட்டி கட்டும் கறுப்புத் துணி வரை. படித்துக் காட்டும்போது அழுதாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

நம் தோழர்கள் சிலரிடமும் ஒரு மயக்கம் உண்டு. பகுத்தறிவாளன் அழக்கூடாது, அழுதால் கொள்கையில் பலவீனம் என்று கருதுவார்கள். எவர் சொன்னார்? நம் ஏடுகள் பெரிதும் போற்றிய அமெரிக்கப் பகுத்தறிவாளர் இங்கர்சால், 1879இல் தன் அண்ணன் இறந்தபோது இரங்கலுரை ஆற்ற எழுந்தார். ஆயிரம் மேடைகளை அதிரவைத்த அந்த நா அன்று தழுதழுத்தது. கூடியிருந்தோர் முன்னே கண்ணீர்விட்டு அழுதார். மறுமை உண்டென்று அதனால் அவர் ஒப்புக்கொண்டதாக யாரும் கூறவில்லை. முற்றும் துறந்தவர் என்று பெயர் வாங்கிய பட்டினத்தாரும், தாயின் சிதைமுன்னே துறவை மறந்து புலம்பினார் என்பதே நாடறிந்த கதை. வடலூர் வள்ளலார் கருமாதியும் திதியும் வேண்டாம் என்றார். கணவனை இழந்தவளின் தாலியை வாங்கவேண்டாம் என்றார். அவர் மறுத்தது சடங்கை, அன்பையன்று.

பெரியார் வாழ்க்கையைப் பாருங்கள். 1933 மே 11இல் நாகம்மையார் மறைந்தார். சடங்கில்லை, புரோகிதரில்லை. மறுநாளே திருச்சிக்குச் சென்று தடையை மீறித் திருமணம் ஒன்றை நடத்திவைத்துக் கைதானார். கல்மனம் என்றனர் மாற்றார். ஆனால், 'குடி அரசு' ஏட்டிலே நாகம்மையாரைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தன் வாழ்வில் அந்த அம்மையாருக்கிருந்த பங்கை ஒளிக்காமல் எழுதினார். 1936இல் அவருடைய அன்னை சின்னத்தாயம்மையார் முதுமை எய்தி மறைந்தார். வைதிகத்தில் ஊறிய தாய். நாத்திகம் பேசிய மகன். அவரைப் பற்றியும் எழுதினார். கையறுநிலை என்ற பழந்துறை உரைநடையிலே மீண்டும் வந்ததாகவே நான் அவற்றைக் கருதுகிறேன். 1973 திசம்பர் 24இல், தொண்ணூற்று நான்காம் அகவையில், அவர் மறைந்தபோது நாட்டிலே எத்தனை பேரப்பிள்ளைகள் பாட்டனை இழந்தவராய் அழுதார்கள்! அழுததில் எவருக்கும் வெட்கம் இருக்கவில்லை.

சடங்குக்கு மாற்றாக இயக்கம் கண்டது மிக எளியது. ஒரு படம், ஒரு மாலை, இரங்கற் கூட்டம். வைதிகர் சிரித்தார்கள். மந்திரமில்லாத மரணமா என்றார்கள். அவர்களுடைய மந்திரத்தில் இறந்தவரின் பெயரும் கோத்திரமும் வரும். அவர் வாழ்ந்த வாழ்வு வராது. எவருக்கும் ஒரே மந்திரம். படத்திறப்பிலோ ஒருவர் எழுந்து, "இவர் எனக்குப் படிப்புக்குப் பணம் கட்டினார்" என்பார். மற்றொருவர், "எங்கள் தெருக் கிணற்றுக்காக வழக்காடினார்" என்பார். ஒரு முதியவள் ஒப்பாரி சொல்லுவாள். ஆம், ஒப்பாரியையும் நாம் தள்ளவேண்டியதில்லை. பெண்களே கட்டி, பெண்களே பாடிய இலக்கியம் அது. எந்த வேதமும் அவர்களுக்கு இடம் தராதபோது அவர்கள் தாமே எடுத்துக்கொண்ட இடம். தள்ளவேண்டியது, சாவு வீட்டுப் பணியை ஒரு சாதியின் தலையிலே கட்டாயமாகச் சுமத்தும் வழக்கத்தை. அந்தக் கட்டாயத்துக்கு நம் தெருவில் இன்னும் இடமிருக்குமானால் படத்தைத் திறந்து என்ன பயன்?

என் பாட்டனார் எண்பது வயதில் மறைந்தார். 1965 சனவரியில், இந்தி எதிர்ப்புப் போரிலே கல்லூரியை விட்டு வெளியே வந்த மாணவர்களில் ஒருவர். சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் அண்ணா அரசு சட்டமாக்கிய பின்னர், 1970இல் அந்த முறைப்படி மணந்தவர். தாலி மட்டும் பாட்டியின் தகப்பனார் வேண்டிக்கொண்டதற்காகக் கட்டினார். தமக்குச் சடங்கு கூடாதென்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். ஆனால், உடல் கூடத்தில் கிடக்கும்போது நாட்குறிப்பை யார் படிக்கிறார்கள்? உறவினர் ஒருவர் நெற்றியில் நீறு பூசினார். கோத்திரம் கேட்டார் ஒருவர். அவர் எந்தத் தடியடியில் முழங்கை உடைந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என் தங்கையும் நீற்றைத் துடைத்துவிட்டுக் கருஞ்சட்டையை மார்பின்மேல் வைத்தோம். பெரிய வாதம் நடந்தது. பதினாறாம் நாளைக்குள் தாலியை வாங்கிவிடவேண்டும் என்று பெரியத்தை பிடிவாதம் பிடித்தார். பாட்டி கோயிலுக்குப் போகிறவர். கணவரின் கொள்கையை ஐம்பது ஆண்டு கேட்டும் நாத்திகம் ஆகாதவர். அவர்தான் சொன்னார்: "அவரு கட்டினது. கழட்டச் சொல்லி அவரு ஒருநாளும் சொல்லலையே, உங்களுக்கு என்னடி அவசரம்?" அதற்குமேல் யாரும் பேசவில்லை. தாலி இன்றும் அவர் கழுத்தில் இருக்கிறது. பொட்டும் இருக்கிறது.

கேட்கப்படும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. பாட்டனோ பாட்டியோ பக்தர். தமக்குத் திதி கொடுக்கவேண்டும் என்று கேட்டுவிட்டு இறந்தார். பகுத்தறிவாளனான பேரன் என்ன செய்வது? தன் கையால் செய்யாதே என்பேன். நம்பாத மந்திரத்தை நம்புவதுபோல் சொல்லுவது இறந்தவரை ஏமாற்றுவது. அதற்காக, வீட்டிலே நம்புகிறவர்கள் ஏற்றும் விளக்கை ஊதி அணைப்பதும் வேண்டாம். அழுகிற அம்மாவிடம் வைதரணியைப் பற்றி வாதிடுவதற்கு அந்த வாரம் ஏற்ற வாரமன்று. கடன் வாங்குவதை மட்டும் தடுத்து நில். தாலி வாங்குவதைத் தடுத்து நில். அவ்விரண்டிலும் விட்டுக்கொடுக்காதே. உயிரோடிருக்கும்போது உன் விருப்பத்தை எழுதிவைத்து, வீட்டாரிடம் படித்துக் காட்டு. எழுதியதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன். கண்தானம் செய்ய எண்ணினால், இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாகவேண்டும் என்பதையும் வீட்டார் அறிந்திருக்கவேண்டும். முதியவர் கண் என்றும் கண்ணாடி போட்ட கண் என்றும் தயங்கவேண்டியதில்லை.

1965இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்று எண்பது. நம் வீட்டுத் திண்ணைகளிலிருந்து மாதம் ஒருவராய் அவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். நூல்களில் தலைவர்களின் வரலாறு இருக்கிறது. சுவரொட்டி ஒட்டப் பசை காய்ச்சியவளின் வரலாறும், சிறையிலிருந்த கணவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மூன்று கல் நடந்தவளின் வரலாறும் அவர்கள் நாவில்தான் இருக்கின்றன. என் பாட்டனார் போனபின், அவர் நாட்குறிப்பைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறேன். "இல்லை, அது செவ்வாய்க்கிழமை இல்லை, சந்தை நாள்" என்று திருத்துகிறார். திருத்தத்தைப் பக்கத்திலே குறித்துக்கொள்கிறாள் என் தங்கை. இதுவரை நாற்பது பக்கம் முடிந்திருக்கிறது. 1966ஆம் ஆண்டின் அரிசிப் பஞ்சத்துக்கு வந்திருக்கிறோம்.